விலாசம் தேடிக் கொழும்புக்கு வந்தோர்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பேசியவன் என் பழைய நண்பரின் மகன். கணக்கியலில் பட்டம் பெற்றவன். கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முதலாந் திகதி வேலையை ஏற்க வேண்டும்.

"மாமா, ரூம் எங்க எடுக்கிறது? வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா, வத்தளையா? நீங்க முப்பது வருசமா கொழும்புல இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க" என்றான்.

வாடகை, முற்பணம், பஸ் வசதி, தண்ணீர் வசதி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அழைப்பைத் துண்டித்த பின்னர்தான், அவனுடைய கேள்விக்குள் நூறாண்டுக் கதையொன்று இருக்கிறது என்பதும், அதில் ஒரு வரியைக்கூட அவனிடம் சொல்லவில்லை என்பதும் மனதில் உறைத்தன. எங்கே வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு எளிதில் கிடைத்த ஒன்றல்ல. ஒவ்வொரு தலைமுறையும் இடம்பெயர்வதற்கு ஏதோவொரு கடதாசியைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கடதாசிதான் கொழும்பில் அவர்கள் எந்தத் தெருவில் படுத்துறங்குவது என்பதைத் தீர்மானித்தது.

முதற் கடதாசியின் பெயர் துண்டு. பெரிய கங்காணியிடம் ஒரு தொழிலாளி பட்டிருந்த கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்க்கச் சம்மதிக்கும் இன்னொரு தோட்டத்துக்குத்தான் அவர் போகலாம். துண்டு இல்லாமல் வெளியேறியவர் ஓடிப்போனவர். வேலையை விட்டு ஓடுவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் தோட்டத்து மனிதர் நகரத்துக்குச் சென்று தங்கலாம் என்னும் எண்ணம் அதனால் மட்டும் பிறந்துவிடவில்லை. துரை பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் வேலையோடு லயத்து அறையும் போய்விடும். வேலையும் வீடும் ஒரே சாவியில் பூட்டப்பட்டிருந்த வாழ்க்கை அது. என் பாட்டனார் தமது ஆயுளில் இரண்டே இரண்டு முறை கொழும்பைக் கண்டவர். இரண்டு தடவையும் அங்கு இரவு தங்காமல் திரும்பியதைப் பெருமையாகச் சொல்வார்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் நுவரெலியாத் தோட்டங்களைப் போன்றவை அல்ல என்பதை வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை; கடைத்தெருவிலும் தமிழ்தான். இங்கோ றப்பரும் தாழ்நிலத் தேயிலையும் கலந்த தோட்டங்கள்; அவற்றைச் சூழ்ந்து சிங்களக் கிராமங்கள். எட்டியாந்தோட்டை, புளத்கொஹுப்பிட்டிய, எஹலியகொடை, நிவித்திகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை எங்கும் தமிழர் சிதறித்தான் வாழ்ந்தனர். ஆகையால் எங்கள் பிள்ளைகள் சிங்களம் பேசியே வளர்ந்தார்கள். மறுபுறம், உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்கக்கூடிய தமிழ்ப் பாடசாலைகள் எட்டும் தூரத்தில் இருக்கவில்லை. இவ்விரண்டு காரணங்களும் பின்னர் கொழும்பில் எங்கள் இருப்பிடத்தைத் தீர்மானித்தன.

ஊரிலிருந்து வரும் வழிதான் நகரத்தில் முதலில் கால் வைக்கும் இடத்தைக் காட்டியது. களனிப் பள்ளத்தாக்குச் சிறு புகையிரதப் பாதை 1902இல் அவிசாவளைக்கும், அடுத்த ஆண்டு எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் போடப்பட்டது. றப்பரையும் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காக அமைத்த பாதையில் மனிதரும் வந்தனர். அந்தப் புகையிரதம் நுகேகொடை, நாரஹேன்பிட்டி, பொரளை வழியே மருதானைக்கு வந்துசேரும். மருதானைக்கருகே கப்பித்தாவத்தைக் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. சுவாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு வேலை தேடியவர்கள் எத்தனை பேரோ! அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரையிலான பகுதி 1970களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. அதன்பின் ஹைலெவல் வீதிப் பஸ்ஸும், ஹங்வெல்ல, கடுவலை வழியாக வெல்லம்பிட்டிக்கு வந்திறங்கும் லோலெவல் வீதிப் பஸ்ஸும் எங்களைச் சுமந்தன. மாவனல்லை, வறக்காப்பொலைப் பக்கத்தார் கண்டி வீதியில் வந்து பேலியகொடையில் களனி ஆற்றைக் கடந்தனர். கேகாலைக்காரர்கள் வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும், இரத்தினபுரிக்காரர்கள் தெமட்டகொடை, கிருலப்பனைப் பக்கங்களிலும் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். பஸ் நின்ற இடத்தில் இறங்கினார்கள்.

வட கொழும்பு அக்காலத்தில் இந்திய வர்த்தகர்களின் நகரம். செட்டியார் தெருவும் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலும் பொன்னம்பலவாணேசரும் கொச்சிக்கடை அந்தோனியாரும் அடுத்தடுத்து இருந்த இடம். சுப்பிரமணியம் செட்டியார் 1930இல் தொடங்கிய வீரகேசரியும் கிராண்ட்பாஸ் வீதியிலேயே நிலைகொண்டது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் பின்னர் ஊரிலிருந்து ஆட்களை வரவழைப்பது கடினமானதும், கடை முதலாளிமாரின் கண் தோட்டத்துப் பையன்கள் மீது விழுந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையன் புறக்கோட்டைக்கு வந்து, பகலில் மூட்டை தூக்கி, இரவில் கடையின் மேல்மாடியில் படுத்துக்கொள்வான். அவனுக்கு இருப்பிடத் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. லயத்தைப் போலவே இங்கும் வேலையும் படுக்கையும் ஒன்றுதான். பெண்பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். கறுவாத்தோட்டத்து வீடுகளிலும் வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளிலும் சமையலறைக்குப் பக்கத்து மூலையே அவர்களுடைய கொழும்பு. அந்த வீடுகளின் விலாசம்கூட அநேகருடைய பெற்றோருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளவத்தையைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடுகிற செய்தியொன்று உண்டு. இன்று 'குட்டி யாழ்ப்பாணம்' எனப்படும் அந்தப் பகுதியில் இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் திரளாக வேலை செய்தனர். வெள்ளவத்தை நூல் நூற்பு, நெசவாலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தத்துக்கு இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கினார். ஏ. ஈ. குணசிங்க அதனை எதிர்த்து நின்றார். மலையாளிகளும் தமிழரும் கலந்திருந்த அந்த ஆலையின் நினைவு இப்போது காலி வீதியின் மாடிக்கட்டடங்களுக்கு இடையில் எங்கும் இல்லை. அரச உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர் கோட்டைக்குச் செல்லும் கரையோரப் புகையிரதத்தையும், பாடசாலைகளையும், கோயில்களையும் கணக்கிட்டு அங்கே குடியேறினர். நடுத்தர வர்க்கம் இடம் தேர்ந்த விதம் அது. எங்களுக்கு அந்த நிலை வர இன்னும் இரண்டு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் இரண்டாவது கடதாசி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டனர். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாதவருக்கு அரச வேலை இல்லை, வாக்கு இல்லை. அப்படிப்பட்டவர் கொழும்பில் எந்தத் தெருவை விரும்பினால் என்ன? கடை மேல்மாடிதான். இது முற்றாகத் தீர 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் தேவைப்பட்டன. என்னோடு படித்தவர்களில் பத்திரம் கிடைத்த குடும்பத்துப் பிள்ளை ஆசிரியரானான். கிடைக்காத குடும்பத்துப் பிள்ளை மண்டபத்துக்குக் கப்பலேறினான். இருவரும் ஒரே லயத்தவர்கள்.

1981 ஓகஸ்டை நான் எழுதாமல் கடந்துபோக முடியாது. எனக்கு அப்போது பத்து வயது. இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் மீது கும்பல்கள் பாய்ந்தன. காவத்தைப் பக்கத்து எங்கள் லயத்துக்கு நெருப்பு வைக்கப்பட்ட இரவு, அம்மா எங்கள் மூவரையும் றப்பர் காட்டுக்குள் இழுத்துச் சென்று, தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயிரக்கணக்கானோர் அந்த மாதத்தில் இடம்பெயர்ந்தனர். எங்கள் உறவினரில் ஒரு பகுதியினர் வவுனியாப் பக்கம் காந்தியம் குடியேற்றங்களுக்குப் போனார்கள். ஒரு பகுதியினர் கொழும்புக்கு வந்து கிராண்ட்பாஸிலும் புளூமெண்டல் பக்கத்திலும் பலகை வீடுகளில் ஒதுங்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து 1983 ஜூலையில் கொழும்பும் எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமிலிருந்த வடபகுதி மக்களைக் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குப் போவதற்கு ஓர் ஊர் இருந்தது. காவத்தைக்குக் கப்பல் ஏது? எரிந்த கொழும்பிலிருந்து ஏற்கெனவே எரிந்த தோட்டத்துக்குத் திரும்புவதா என்று மாமா ஒருவர் முகாமில் கேட்டதாகச் சொல்வார்கள். அவர் எங்கும் போகவில்லை. கொட்டாஞ்சேனையிலேயே இருந்து அங்கேயே இறந்தார்.

நான் கொழும்புக்கு வந்தது 1995இல். பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்ததனால் தாமதமாகக் கிடைத்த கலைப்பட்டமும், பத்திரிகையொன்றில் பயிற்சி நிருபர் வேலையும் கையில் இருந்தன. சுதந்திரமாக இடம் தேடிய முதல் தலைமுறை நாங்கள்தான் எனலாம். நானும் வெள்ளவத்தைக்கே முதலில் போனேன். தமிழ்ப் பத்திரிகையாளன் தமிழர் மத்தியில் இருக்க வேண்டும் என்ற எண்ணம். ஒழுங்கையொன்றில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் அன்பாகத் தேநீர் கொடுத்தார். அறையைக் காட்டினார். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப எஸ்ரேட்டோ?" என்றார். ஆம் என்றேன். மனைவியோடு பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறினார். இரண்டு நாள் கழித்துப் போனபோது அறைக்கு ஆள் வந்துவிட்டதாம். அடுத்த மாதமும் அந்த வீட்டு மதிலில் 'அறை வாடகைக்கு' என்ற மட்டை தொங்கியது. அவரை நான் இப்போது குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மட்டையை மறக்கவும் இல்லை.

அறை கிடைத்தது நுகேகொடையில், ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில். காவத்தைக் கடைத்தெருவில் கற்ற சிங்களம் அரை மணித்தியாலத்தில் அந்த அறையைப் பெற்றுத்தந்தது. என் தமிழ் வெள்ளவத்தையில் செய்யாததை என் சிங்களம் அங்கே செய்தது என்பது அன்றும் இன்றும் எனக்கு நெருடலான விடயம். அம்மா அன்பாகத்தான் இருந்தார். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி தாக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அவர் கண் கலங்க என் முன்னால் வந்து நின்றார். அயலவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள், பொலிஸ் இரண்டு முறை வந்துவிட்டது, மகள் பயப்படுகிறாள் என்றார். முற்பணத்தை ஒரு சதம் குறையாமல் திருப்பித் தந்தார். நான் பெட்டியோடு ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். அங்கே அறை சிறியது, வெக்கை அதிகம், தண்ணீருக்கு வரிசை. ஆனால் ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த அனைவருமே எங்கிருந்தோ வந்தவர்கள்.

மூன்றாவது கடதாசி தேசிய அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும். இதில் விசித்திரமான நுணுக்கமொன்று இருந்தது. 2014 வரையில் வடக்கு, கிழக்கில் வழங்கிய அட்டைகளில் தமிழும் சிங்களமும் இருக்கும்; ஏனைய மாகாணங்களில் சிங்களம் மட்டுமே. ஆகவே சோதனைச் சாவடியில் எங்கள் அட்டை, பார்வைக்குச் சிங்களவரின் அட்டையாகவே தோன்றும். பெயரை வாசிக்கும்போது பொலிஸாரின் புருவம் உயரும். விலாசத்தில் தோட்டத்தின் பெயரைக் கண்டதும் பெரும்பாலும் இறங்கும். 'வத்தே தெமழ' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அட்டையைத் திருப்பித் தருவார்கள். வாழ்நாள் முழுதும் மறைக்க விரும்பிய விலாசமே அந்த நேரத்தில் காப்பாற்றியது. எல்லோரையும் அது காப்பாற்றவில்லை. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் உள்ளேயிருந்த மலையக இளைஞர்களும் உண்டு.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்குச் சரியான காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். அன்று வெளியேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் வடக்கு, கிழக்கு மக்கள். ஆனால் அந்த வாரம் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்த எங்கள் பையன்கள் பலர் சொல்லிக்கொள்ளாமல் பலாங்கொடை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நகரத்தில் இருப்பதற்குக் காரணம் கேட்கலாம் என்று அரசு ஒரு முறை சொல்லிவிட்டால், காரணம் சொல்லப் பழகாதவர்கள்தான் முதலில் அஞ்சுவார்கள். வாடகை கொடுக்கும் சக்தி வந்தவர்கள் லொட்ஜுகளைக் கைவிட்டு, கூட்டாகச் சேர்ந்து வத்தளை, ஹெந்தளைப் பக்கம் வீடு எடுத்தது அக்காலத்திலேயே அதிகரித்தது. களனி ஆற்றுக்கு அப்பால் சோதனை சற்றுக் குறைவு என்ற நம்பிக்கை. நம்பிக்கைதான்.

யுத்தம் 2009இல் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011இல் நீங்கியது. கடதாசிகள் முடிந்துவிட்டனவா? முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமெனில் பாடசாலைக்கு அருகில் வசிப்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் எத்தனை ஆண்டு இருந்தது, வீடு உறுதியா வாடகையா என்று புள்ளி போடுகிறார்கள். ஆகையால் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் தோட்டத்து வாக்கை வெட்டிக் கொழும்பில் பதிகின்றன. அப்படிப் போன ஒவ்வொரு வாக்கும் ஊரில் குறைந்த வாக்கு. சப்ரகமுவவில் சிதறிக் கிடக்கும் நமக்கு அது சிறிய கணக்கல்ல. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவானபோது அங்குள்ள தோட்டங்களில் வெடி கொளுத்தியதன் அருமையை நுவரெலியாக்காரர் முழுதாக உணரமாட்டார்கள்.

தோட்டத்து விலாசத்தின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். லயத்து அறைகளுக்குத் தனித்தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், தபால் நிலையம், அவ்வளவே. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து ஆள் வழியே வரும். சில வேளை வராமலே போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த மறுவாரம் கைக்கு வந்த கதை எங்கள் பக்கத்தில் எந்த லயத்திலும் ஒன்றிருக்கும். எங்கள் இளைஞர்கள் கொழும்பில் தேடுவது வெறும் அறையல்ல. கதவிலக்கம் உள்ள ஒரு விலாசம்.

நண்பரின் மகன் மூன்று வாரம் தேடினான். வெள்ளவத்தையில் ஊரைக் கேட்டார்களா என்று நான் விசாரித்தேன். கேட்கவில்லையாம், வாடகையை மட்டும் சொன்னார்களாம். அந்தத் தொகையைத் தேயிலை பறிக்கும் தாயின் நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். அந்த நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானதே 2021இல் என்பதை இங்கு நினைவூட்டலாம். வத்தளையில் அறை மலிவு, ஆனால் காலையில் பாலத்தைக் கடக்கவே ஒரு மணித்தியாலம். 2022 நெருக்கடியில் வேலை இழந்து ஊருக்குத் திரும்பிய தோழர்கள், வாடகையைச் சம்பளத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் போகவிடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கடைசியில் அவன் எடுத்தது நுகேகொடையில். காரணம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு வந்து, இங்கேயே அவிசாவளை ட்ரெயின் ஏறலாம் மாமா. அங்கேயிருந்து தெரணியகலைக்குப் பஸ் இருக்கு" என்றான். அவனுடைய அறை இருக்கும் தெரு, முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் பெட்டியோடு வெளியேறிய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அதை அவனிடம் சொல்லவில்லை.

வங்கிக் கணக்குத் திறக்கும்போது நிரந்தர விலாசம் என்ற இடத்தில் தோட்டத்தையே எழுதியிருக்கிறான். ஏழு பேர்ச் காணி கிடைக்கும்போது பெயர் வெட்டுப்பட்டுவிடக் கூடாது என்று தகப்பன் சொல்லியிருக்கிறார். அதனால் வங்கி அட்டை நுகேகொடைக்கு வரவில்லை. போன வாரம் தோட்டத்து ஆபீசில் கணக்குப்பிள்ளை அதைத் தகப்பனிடம் கொடுத்தாராம். அவர் அதைப் பிரிக்காமல் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மகன் வருவான்.